தயவுசெய்து அதை ‘மருந்து’ என்று எழுதாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணியளவில், எங்கள் தாமானில், அதாவது எங்கள் குடியிருப்புப் பகுதியில், நான்கு வீடு தள்ளிக் குடியிருக்கும் பாட்டி ஒருவர் எனக்குத் தொலைபேசி செய்தார். “டிரசர் ஐயா, பேரன் மருந்தைக் குடித்துவிட்டான்” என்று அழுதார். தோட்ட மருத்துவ உதவியாளர் வேலையிலிருந்து நான் ஓய்வுபெற்று ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஆகின்றன. ஆனாலும் இந்த வட்டாரத்தில் எனக்கு இன்னும் அதுதான் பெயர். “என்ன மருந்து அம்மா?” என்று கேட்டேன். “தாத்தாவுடைய மருந்து ஐயா” என்றார். அந்தத் தாத்தாவுக்கு நெடுநாளாக நீரிழிவு. அவருடைய சர்க்கரை மாத்திரையைப் பிள்ளை எடுத்துத் தின்றுவிட்டான் என்று எண்ணிக்கொண்டேன். அவற்றில் சில வகை மாத்திரைகள், ஒன்றே ஒன்று உள்ளே போனாலும் நான்கு வயதுப் பிள்ளையின் ரத்தச் சர்க்கரையை அடியோடு இறக்கிவிடும். “சீனித் தண்ணீர் கரைத்துக் கொடுத்துவிட்டு உடனே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள்” என்றேன். மாத்திரையை விழுங்குவார்கள், குடிக்க மாட்டார்கள். அந்தப் பதற்றத்தில் இது எனக்கு உறைக்கவில்லை.

பக்கத்து வீட்டுத் தம்பி தன் காரில் அவர்களை ஏற்றிக்கொண்டு போய்விட்டார். மாத்திரை அட்டையை எடுத்துப் போகலாம் என்று நான் அந்த வீட்டுக்குள் நுழைந்தேன். பின்வாசல் திண்ணையில், விளையாட்டுக்காரர்கள் குடிக்கும் பானத்தின் பிளாஸ்டிக் போத்தல் ஒன்று மூடியில்லாமல் கிடந்தது. அடியில் இரண்டு விரல் உயரத்துக்கு நீலம் கலந்த பச்சை நிறத்தில் ஏதோ இருந்தது. முகர்ந்து பார்த்ததும் எனக்குக் கால் ஓடவில்லை. அது புல்லுக்கு அடிக்கும் குளுஃபோசினேட். தாத்தா தம் மூன்று ஏக்கர் ரப்பர் நிலத்துக்காக, நண்பரின் பெரிய கேனிலிருந்து கொஞ்சம் ஊற்றி வாங்கி வைத்திருந்தாராம்.

போத்தலைப் பிளாஸ்டிக் பைக்குள் போட்டு எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு ஓடினேன். பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்து பாட்டியின் செருப்பைக் காலில் மாட்டி விளையாடிக்கொண்டிருந்தான். சுகமாகத்தான் தெரிந்தான். பாட்டி முகப்பில் தமக்குத் தெரிந்த மலாயில், “சுச்சு சாயா மினும் உபாட்”, அதாவது ‘என் பேரன் மருந்து குடித்தான்’ என்று சொல்லியிருக்கிறார். மருந்து என்பதை அப்படியே மலாய்க்கு மாற்றினால் உபாட்தானே வரும்? பிள்ளை தெளிவாக இருக்கிறான், குடித்தது உபாட் என்கிறார்கள், காத்திருக்கட்டும் என்று எண்ணை எழுதிக் கொடுத்துவிட்டார்கள். அங்கே இருந்தவர்கள்மீது நான் குறை சொல்லவே மாட்டேன். காதில் விழுந்த சொல்லுக்குத் தக்கபடி அவர்கள் நடந்துகொண்டார்கள். நான் போத்தலைத் தூக்கிக் காட்டி “ராச்சுன் ரும்புட்!”, அதாவது ‘புல் நஞ்சு’ என்று கத்தினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பிள்ளையை அள்ளிக்கொண்டு உள்ளே ஓடினார்கள். பிறகு ஈப்போ மருத்துவமனைக்கு அனுப்பினார்கள்.

குளுஃபோசினேட் என்பது நின்று கொல்லும் நஞ்சு. குடித்தவர் பல மணி நேரம் பேசுவார், சிரிப்பார், தண்ணீர் கேட்பார். ரத்தத்தில் அமோனியா ஏறி, திடீரென்று வலிப்பு வரும், நினைவு தப்பும், மூச்சு நிற்கும். இந்தப் பிள்ளைக்கு அன்றிரவு பதினோரு மணிக்கு வலிப்பு வந்தது. அப்போது அவன் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்ததால் செயற்கைச் சுவாசக் கருவி பக்கத்திலேயே இருந்தது. “பிள்ளை நன்றாகத்தானே இருக்கிறான்” என்று வீட்டுக்கு அழைத்து வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைத்து நான் இன்னும் இரவில் விழித்துக்கொள்கிறேன். இப்போது வீடு திரும்பிவிட்டான். நேற்று என் வீட்டு வாசலில் பந்து உதைத்துக்கொண்டிருந்தான்.

ஆசிரியர் அவர்களே, ஒரே ஒரு சொல்லால் முக்கால் மணி நேரம் போயிற்று. முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்தத் தொழிலில் இருந்த நானே அந்தச் சொல்லில் ஏமாந்தேன். அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

புல் மருந்து, பூச்சி மருந்து, எலி மருந்து, கரையான் மருந்து. இப்படித்தான் நாம் பேசுகிறோம். தங்கள் நாளிதழும் இப்படித்தான் எழுதுகிறது. சென்ற ஆண்டில் நான் கத்தரித்து வைத்திருக்கும் ஏழு செய்திகளில் ஆறு செய்திகள் ‘மருந்து’ என்றே சொல்கின்றன. மலாய்க்காரர் புல்லுக்கு அடிப்பதை ராச்சுன் என்கிறார், அதாவது நஞ்சு. அவர் வீட்டுப் பிள்ளை அந்தச் சொல்லைக் கேட்டுத்தான் வளர்கிறது. நம் வீட்டுப் பிள்ளைக்கோ அம்மா கரண்டியில் ஊட்டுவதும் மருந்து, தாத்தா திண்ணையில் வைத்திருப்பதும் மருந்து. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று அது எப்படிப் பிரித்தறியும்?

இதை நான் கடைத்தெருவில் பேசியபோது, ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் மறுத்தார். வெடிமருந்து என்கிறோம், இடுமருந்து என்கிறோம், மருந்து என்ற சொல்லுக்கு நம் மொழியில் பரப்பு அதிகம், அதைக் குறுக்கக்கூடாது என்றார். அவர்மீது எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. மொழியைப் பற்றி அவர் சொன்னது சரியாகவே இருக்கலாம். ஆனால் வெடிமருந்தை யாரும் பானப் போத்தலில் ஊற்றித் திண்ணையில் வைப்பதில்லை.

இந்தச் சொல் தோட்டத்தில் எப்படி வேர்பிடித்தது என்பதைக் கண்ணால் பார்த்தவன் நான். 1973இல் வேலைக்குச் சேர்ந்தேன். 1965ஆம் ஆண்டுத் தோட்ட மருத்துவ உதவியாளர் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு பெற்றவன். அதிகாலையில் தொழிலாளர்களைக் கூட்டி வேலை பிரிக்கும் பெரட்டில், “நீங்கள் எட்டுப் பேரும் மருந்து அடிக்கப் போங்கள்” என்று மேற்பார்வை பார்க்கும் தண்டல் சொல்வார். அந்த எட்டுப் பேரும் பெரும்பாலும் பெண்களாகத்தான் இருப்பார்கள். முதுகில் தண்ணீரோடு பதினைந்து கிலோவுக்கு மேல் கனக்கும் பம்பு. முகத்துக்கு ஒரு பழைய துண்டு, கைக்கு ஒன்றும் இல்லை. பம்பு ஒழுகி முதுகுத் தோல் வெந்து என்னிடம் வருவார்கள். நகம் வெளுத்து, கறுத்து, கழன்று விழுந்த விரல்களுக்கு நான் கட்டுப் போட்டிருக்கிறேன். மூக்கிலிருந்து ரத்தம் கொட்டும். பத்து மணிக்கு வாய்க்கால் தண்ணீரில் கையை நனைத்துவிட்டு அதே கையால் சோற்றைப் பிசைந்து சாப்பிடுவார்கள். “இது நஞ்சு, கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்” என்று சொன்னால், “மருந்துதானே ஐயா, புல்லுக்குத்தானே” என்பார்கள். பெரட்டில் நின்று, ‘நஞ்சு அடிக்கப் போங்கள்’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் அந்தத் தாய்மார்கள் கையுறை எங்கே என்று கேட்டிருக்க மாட்டார்களா? காலஞ்சென்ற ஐரின் பெர்னாண்டஸ் அம்மையாரின் தெனாகனித்தா என்னும் பெண் தொழிலாளர் உரிமை அமைப்பு இந்தப் பெண்களைத் தேடிப்போய், அவர்கள் சொன்னதைப் பதிவு செய்து 2002இல் வெளியிட்டது. அந்தக் காலத்தில் அவர்கள் சொன்னதை என்னைப் போன்ற டிரசர்கள் எழுதி வைத்ததுண்டு. அதுவும் நோயாளிப் பதிவேட்டில் ஒரே வரி.

அந்தப் பெண்கள் அடித்தது பாராகுவாட் என்னும் களைக்கொல்லி. அதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் வாழ்க்கையில் நான் பார்த்த மிகக் கொடிய மரணம் அதனால் வந்தது.

1981 என்று நினைவு. இருபத்தாறு வயதுப் பால்வெட்டுத் தொழிலாளி, திருமணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை. மாலையில் பந்து விளையாடிவிட்டுத் தாகத்தோடு தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்கு வந்தவர், சமையல்கட்டில் இருந்த சர்பத் போத்தலை எடுத்து வாயில் கவிழ்த்திருக்கிறார். அந்தக் காலத்தில் பாராகுவாட் பார்ப்பதற்குப் பாலில்லாக் காப்பி போலவே இருக்கும். நீலச் சாயமும் துர்நாற்றமும் வாந்தி வரவழைக்கும் பொருளும் பிற்பாடு, இப்படிப்பட்ட விபத்துகள் நடந்த பிறகே, சேர்க்கப்பட்டன. வாயில் போனதில் பாதிக்கு மேல் துப்பிவிட்டதாகச் சொன்னார். தாமாகவே நடந்து வந்து என் முன்னால் உட்கார்ந்து, “ஒன்றும் இல்லை ஐயா, நாக்குதான் எரிகிறது” என்றார். நான் அவரை மருத்துவமனைக்கு அனுப்பினேன். ஐந்தாம் நாள் பார்க்கப் போனபோது வாயெல்லாம் புண்ணாக இருந்தாலும் கஞ்சி குடித்துக்கொண்டு பேசினார். எட்டாம் நாள் போனபோது மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது. பக்கத்தில் பிராணவாயு உருளை இருந்தும் யாரும் மாட்டவில்லை. எனக்கு வந்த கோபத்தில் மருத்துவரிடம் சண்டைக்கே போய்விட்டேன்.

அவர் என்னை வெளியே அழைத்துப்போய்ப் பொறுமையாக விளக்கினார். நுரையீரலின் உயிரணுக்கள், உடலுக்கு வேண்டிய வேறு சில பொருள்களை உள்ளே இழுத்துக்கொள்வதற்கென்று ஒரு வழியை வைத்திருக்கின்றன. பாராகுவாட் பார்வைக்கு அவற்றைப் போலவே இருப்பதால் அதே வழியில் உள்ளே நுழைந்து, ரத்தத்தில் இருப்பதைவிடப் பல மடங்கு நுரையீரலில் சேர்ந்துவிடுகிறது. உள்ளே போனதும் பிராணவாயுவைப் பிடித்து, உயிரணுவை அரிக்கும் பொருளாக மாற்றுகிறது. மாற்றிய பிறகும் தான் தீர்ந்துபோவதில்லை, மறுபடியும் அடுத்ததைப் பிடிக்கிறது. “நாம் கொடுக்கும் பிராணவாயு அந்த நெருப்புக்கு விறகு. தாங்கவே முடியாத கட்டத்தில் அவருடைய வேதனைக்காகக் கொஞ்சம் கொடுப்பேன், அதற்கு முன் கொடுக்க மாட்டேன்” என்றார். பத்தாம் நாள் விடியற்காலை அந்த இளைஞர் இறந்தார். கடைசி வரை நினைவு தெளிவாக இருந்தது. மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அதற்கு மாற்று மருந்து அன்றும் இல்லை, இன்றும் இல்லை. களிமண்ணில் விழுந்தால் பாராகுவாட் மண்ணோடு இறுக ஒட்டிக்கொண்டு செயலற்றுப்போகும். அதனால்தான் அந்தக் காலத்தில் மருத்துவமனைகளில் ஒருவகைக் களிமண்ணைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்தார்கள். இப்போது கரித்தூள் கொடுக்கிறார்கள். எதுவாக இருந்தாலும் முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் பயன். நம் மலேசியா 2002இல் பாராகுவாட்டுக்குத் தடை விதித்தது, 2006இல் தளர்த்தியது, பிறகு 2020 ஜனவரி முதல் நாளிலிருந்து முழுமையாகத் தடை செய்தது. அன்று நான் கோயிலுக்குப் போய் அந்த இளைஞரின் பெயருக்கு அர்ச்சனை செய்தேன். ஆனால் சொல் மாறவில்லை, போத்தலும் மாறவில்லை. பாராகுவாட் இருந்த இடத்தில் இப்போது குளுஃபோசினேட் உட்கார்ந்திருக்கிறது.

மருந்து என்ற ஒரே சொல்லுக்குள் நாம் ஒன்றுக்கொன்று நேர்மாறான நஞ்சுகளைப் போட்டு மூடி வைத்திருக்கிறோம். மருத்துவமனைக்கு இதுதான் பெரிய சிக்கல். காய்கறித் தோட்டத்துக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லிகளில் ஒரு வகை, நரம்புக்கும் தசைக்கும் இடையில் போகும் செய்தியை அணையவிடாமல் செய்யும். கண்மணி ஊசிமுனையாகச் சுருங்கும், எச்சிலும் வியர்வையும் கொட்டும், நெஞ்சில் சளி நிரம்பி மூச்சுத் திணறும். அதற்கு அட்ரோபின் ஊசியைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். நம் கொல்லையில் முளைக்கும் ஊமத்தையிலும் அந்தச் சத்து இருக்கிறது. ஊமத்தையைத் தின்றால் சாவு, அதிலுள்ள சத்தை அளந்து ஊசியில் ஏற்றினால் உயிர். அதற்குத்தான் மருந்து என்று பெயர். பாராகுவாட்டுக்குப் பிராணவாயுவைக் குறைக்க வேண்டும், குளுஃபோசினேட்டுக்குச் சுவாசக் கருவியை ஆயத்தமாக வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். வந்திருப்பது எது என்று தெரியாமல் ஒரு மருத்துவர் என்ன செய்வார்?

ஏமாற்றும் பெயர் நம்மிடம் மட்டும் இல்லை என்பதையும் நேர்மையாகச் சொல்கிறேன். ரப்பர்ப் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலத்தை இங்கே எல்லாரும் ‘சூக்கா கெத்தா’ என்கிறார்கள். சூக்கா என்றால் சமையலுக்கு ஊற்றும் வினிகர். பாலில் கலப்பதற்கு முன் நிறைய தண்ணீர் விட்டு அதை நீர்க்கச் செய்ய வேண்டும். கடையிலிருந்து வரும்போதோ நூற்றுக்கு 85, 90 பங்கு அமிலமாகவே இருக்கும். தண்ணீரைப் போலத் தெளிவாக, தண்ணீர்ப் போத்தலிலேயே வீட்டுக்கு வருகிறது. 1979இல் பன்னிரண்டு வயதுச் சிறுவன் ஒருவன் அதைத் தண்ணீர் என்று குடித்துவிட்டான். அப்போது எனக்குத் தொழிலில் அனுபவம் போதாது. பெற்றோர் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்கட்டுமா என்று கேட்டார்கள். நான் சரி என்று தலையசைத்தேன். அது நான் செய்த தவறு. உள்ளே போகும்போது ஒரு முறை வெந்த தொண்டை, வாந்தியில் இன்னொரு முறை வெந்தது. பிழைத்தான். ஆனால் உணவுக்குழாய் சுருங்கி, அதை விரிப்பதற்காகப் பல ஆண்டுகள் ஈப்போவுக்கு நடையாய் நடந்தான். கல்யாண வீட்டுப் பந்தியில் அவன் கஞ்சி மட்டும் வாங்கிக் குடித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

சம்சு என்னும் கள்ளச் சாராயத்தில் கலந்துவரும் மெத்தனாலும் உடலுக்குள் போய் இதே பார்மிக் அமிலமாகத்தான் மாறுகிறது. முதலில் கண்ணைப் பறிப்பது அதுதான். 2018 செப்டம்பரில் சிலாங்கூரிலும் சுற்றுவட்டாரத்திலும் முப்பதுக்கும் மேற்பட்டோர் அதனால் மாண்டதைத் தங்கள் நாளிதழிலேயே படித்தேன். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பிள்ளை வீடு திரும்பிய மறுநாள், எங்கள் தாமானில் எங்கள் வரிசையிலும் எதிர் வரிசையிலும் உள்ள முப்பத்திரண்டு வீடுகளுக்கும் போனேன். ஒன்பது வீடுகளில் நஞ்சு குடிபானப் போத்தல்களில் இருந்தது. அதில் இரண்டு, சமையலறைத் தொட்டிக்குக் கீழே, எண்ணெய்ப் போத்தலுக்குப் பக்கத்தில். ஒரு வீட்டில் பாராகுவாட்டே இருந்தது. தடை வந்தது தெரியும், ஆனால் காசு கொடுத்து வாங்கியதாயிற்றே என்றார் அந்தப் பெரியவர். இவர்கள் கவனமில்லாதவர்கள் அல்லர். ஐந்து லிட்டர் வாங்க வசதியில்லாதவர்கள், அரை லிட்டர் போதும் என்பவர்கள். ஊற்றிக் கொடுக்கும் கடைகளும் இருக்கின்றன. 1974ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டப்படி முறையான லேபிள் இல்லாமல் இவற்றை விற்பது குற்றம். வேளாண் துறை அதிகாரிகள் ஒரு சனிக்கிழமை எங்கள் சுங்கை சிப்புட் சந்தைக்கு வந்து பார்த்தால் நலமாக இருக்கும்.

தங்களிடம் நான் வேண்டிக்கொள்வது இதுதான். இனிமேல் செய்திகளில் புல் நஞ்சு, பூச்சி நஞ்சு, எலி நஞ்சு என்று எழுதுங்கள். அது சரிப்படாவிட்டால் களைக்கொல்லி, பூச்சிக்கொல்லி என்றாவது எழுதுங்கள். அந்தச் சொற்களிலேயே கொல்வது தெரிகிறது. தங்கள் நாளிதழில் வரும் சொல்தான் காலையில் காப்பிக் கடைக்குப் போகிறது, அங்கிருந்து வீட்டுக்குப் போகிறது. ஆறு மாதம் விடாமல் எழுதினால் எங்கள் பாட்டிமார் பேச்சிலும் அது வந்துவிடும்.

மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் செய்தியில், அவர்கள் எதைக் குடித்தார்கள் என்பதை மட்டும் எழுதாதீர்கள், எந்தச் சொல்லாலும் எழுதாதீர்கள். கோபத்தில் குடித்துவிட்டு, அரை மணி நேரத்தில் “ஐயா, எப்படியாவது காப்பாற்றுங்கள்” என்று என் கையைப் பிடித்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் யாரும் உண்மையில் சாக விரும்பியதாக எனக்குத் தோன்றவில்லை. கைக்கு எட்டும் தூரத்தில் அது இருந்தது, அவ்வளவுதான். இலங்கையில் பாராகுவாட்டையும் வேறு கொடிய பூச்சிக்கொல்லிகளையும் படிப்படியாகத் தடை செய்ததில், 1990களின் நடுவில் இருந்த தற்கொலை விகிதம் ஏறக்குறைய 70 விழுக்காடு இறங்கியது. கையெட்டும் இடத்தில் இல்லாமல் போனதே பல்லாயிரம் உயிர்களைக் காத்தது.

இன்னொன்று. பினாங்கில் மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில் 1994 முதல் தேசிய நச்சு மையம் இயங்குகிறது. யார் எதை விழுங்கினாலும் தொலைபேசியில் கேட்கலாம். எங்கள் தாமானில் நான் கேட்ட முப்பத்திரண்டு வீட்டாரில் ஒருவருக்கும் அப்படி ஒன்று இருப்பது தெரியவில்லை. அந்த மையத்தின் எண்ணை அவர்களிடமே கேட்டு உறுதிசெய்து, வாரம் ஒரு முறையாவது மருத்துவப் பக்கத்தில் வெளியிடுங்கள். கூடவே நான்கு வரி போதும்: வாந்தி எடுக்க வைக்காதீர்கள், உப்புத் தண்ணீரும் புளித் தண்ணீரும் சாணித் தண்ணீரும் வேண்டாம். மேலே பட்டிருந்தால் உடையைக் கழற்றிச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். போத்தலைக் கையோடு கொண்டு போங்கள். மருத்துவமனையில் ‘உபாட்’ என்று சொல்லாதீர்கள், ‘ராச்சுன்’ என்று சொல்லுங்கள்.

இந்தக் கடிதத்தை அனுப்புவதற்கு முன் அந்தப் பாட்டியிடம் படித்துக் காட்டினேன். தம் வீட்டுக் கதையை எழுதுவதில் அவருக்குத் தடையில்லை. ஒன்று மட்டும் சொல்லச் சொன்னார்: எண்ணைப் பெரிய எழுத்தில் போடுங்கள், அவருக்குக் கண்ணில் புரை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர்,
சுங்கை சிப்புட், பேராக்.